அந்தக் கோப்பு என் கையிலும் இருந்தது

நீளமான பதிவு. நேரமுள்ளவர்கள் வாசியுங்கள். தேர்தல் சூட்டில் எழுதியிருந்தால் இந்தக் கட்சி, அந்தக் கட்சி என்று எனக்கும் ஒரு நிறம் பூசியிருப்பீர்கள். அதனால் ஆறட்டும் என்று வைத்திருந்தேன்.

2024 ஜனாதிபதித் தேர்தலுக்கு இரண்டு வாரம் இருந்த நேரம். மகள் களனிப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். ஏதோ ஒரு பாடத்துக்கு, தேர்தலைப் பற்றிய ஒரு படத்தைப் பார்த்துக் குறிப்பு எழுத வேண்டுமாம். இஷாத் தொழுகைக்குப் பிறகு சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் இருந்து அடுத்த நாள் கறிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். பார்க்கும் எண்ணமே எனக்கு இல்லை. அரை மணித்தியாலத்தில் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன்.

படத்தின் பெயர் 'பிரைமரி கலர்ஸ்'. 1998 இல் வந்தது. இயக்கியவர் மைக் நிக்கல்ஸ். அமெரிக்காவின் தென் மாநிலம் ஒன்றின் ஆளுநர் ஜேக் ஸ்டான்டன் ஜனாதிபதி வேட்பாளராகப் போட்டியிடக் கிளம்புகிறார். ஜோன் ட்ரவோல்டா நடித்திருக்கிறார். அந்த நரைத்த முடி, கரகரத்த குரல், உதட்டைக் கடிக்கும் விதம், டோனட்டை விழுங்கும் வேகம் எல்லாவற்றையும் பார்த்தால் ஆள் யார் என்று பெயர் சொல்லத் தேவையில்லை. பில் கிளின்டன். 1992 இல் அவர் நடத்திய தேர்தல் பிரசாரம்தான் கதைக்கு அடி.

இந்தக் கதை முதலில் புத்தகமாக வந்தது 1996 இல். அட்டையில் எழுதியவர் பெயர் இல்லை, 'அநாமதேயம்' என்று மட்டும் போட்டிருந்தது. யார் எழுதியது, யார் எழுதியது என்று வொஷிங்டனே தேடியது. ஜோ க்ளைன் என்ற பத்திரிகையாளரைச் சந்தேகித்துக் கேட்டார்கள். நான் இல்லவே இல்லை என்று மறுத்தார். சில மாதங்களில் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்துப் பிடித்துவிட்டார்கள், ஒத்துக்கொண்டார். பொய் சொல்லும் அரசியல்வாதியைப் பற்றிப் புத்தகம் எழுதியவரே அதைப் பற்றிப் பொய் சொல்லியிருக்கிறார். இதைக் கேட்டு மகளும் நானும் சிரித்தோம். பிறகுதான் எனக்குச் சிரிப்பு நின்றது.

இந்த மாதிரிப் படம் என்றால் நாம் எதிர்பார்ப்பது ஒன்றுதான். அரசியல்வாதி கள்ளன், சுற்றி நிற்பவன் எல்லாம் கூஜா தூக்கி, மக்கள் ஏமாளிகள். நன்றாகச் சிரித்துவிட்டு, "எல்லாரும் ஒண்டுதான்" என்று சொல்லிக்கொண்டு எழுந்து போகலாம். இந்தப் படம் அப்படிப் போக விடவில்லை.

ஆரம்பத்திலேயே ஸ்டான்டன் வளர்ந்தவர்களுக்கு எழுத்தறிவிக்கும் ஒரு வகுப்புக்குப் போகிறார். எழுத வாசிக்கத் தெரியாமல் வாழ்ந்த ஒருவர் தன் கதையைச் சொல்கிறார். ஸ்டான்டன் கேட்கிறார், கண் கலங்குகிறார், தன் மாமா ஒருவரைப் பற்றித் தானும் ஒரு கதை சொல்லி அழுகிறார். ஒரு ஆசிரியையாக அந்தக் காட்சியில் எனக்கும் கண் நிறைந்துவிட்டது. அதே ஆளுநர் கொஞ்ச நேரத்தில் அந்த வகுப்பை நடத்தும் பெண்ணோடு அறையிலிருந்து வெளியே வருகிறார். இரண்டு பேருடைய உடுப்பும் சரியாக இல்லை. "உம்மா, இப்பதானே அழுதாரு!" என்றாள் மகள்.

அந்த அழுகை பொய் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அங்கேதான் படம் நம்மைப் பிடிக்கிறது. இன்னொரு காட்சியில், பிரசாரம் நெருக்கடியில் இருக்கும்போது, நடுச்சாமத்தில் ஒரு டோனட் கடையில் தனியே இருந்து, கால் ஊனமான ஒரு தொழிலாளியோடு பேசிக்கொண்டிருக்கிறார். கெமரா இல்லை, செய்தியாளர் இல்லை, அந்த ஒருவரின் வாக்கால் ஆகப்போவது ஒன்றுமில்லை. அந்த அக்கறை மெய். பிறகு, தன் மேல் வந்த ஒரு குற்றச்சாட்டை மறைக்க இரத்தப் பரிசோதனையில் வேறொருவருடைய இரத்தத்தைக் கொடுத்ததும் அதே ஆள்தான். அந்தப் பழியில் அகப்பட்டது ஒரு ஏழைக் கறுப்பினக் கடைக்காரரின் பதின்ம வயது மகள். அந்தக் கடைக்காரர் ஸ்டான்டனின் பழைய நண்பர், அவரை நம்பியவர்.

கதையை நாம் பார்ப்பது ஹென்றி பர்ட்டன் என்ற இளைஞனின் கண்ணால். கறுப்பினத்தவன். அவனுடைய பாட்டனார் சிவில் உரிமைப் போராட்டத்தின் தலைவர்களில் ஒருவர். ஒரு தலைவனையாவது உண்மையாக நம்பிவிட வேண்டும் என்ற தாகத்தோடு பிரசாரத்தில் சேருகிறான். சிறுபான்மையாகப் பிறந்தவர்களுக்கு அந்தத் தாகம் விளங்கும். நம் ஆட்களில் எத்தனை பேர் அப்படி ஒவ்வொரு ஐந்து வருடமும் ஒருவரைத் தேடுகிறோம்? இவர் நல்லவரா என்று கேட்பதைக்கூட விட்டுவிட்டோம். இவர் வந்தால் நம்மை விட்டுவைப்பாரா என்றுதான் கேட்கிறோம்.

படம் அமெரிக்காவில் திரைக்கு வந்தது மார்ச் மாதம். அதற்கு இரண்டு மாதம் முன்னால், ஜனவரியில், மொனிக்கா லெவின்ஸ்கி விவகாரம் வெடித்துவிட்டது. படத்தில் கற்பனையாகக் காட்டியதை விடப் பெரியது தினமும் செய்தியில் ஓடியது. நையாண்டியை நாட்டு நடப்பு முந்திக்கொண்டால் பாவம், படம் எடுத்தவர்கள் என்ன செய்வார்கள்?

இது எங்களுக்குப் புதிதா? 2014 டிசம்பர் கடைசியில் மஹிந்த ராஜபக்ஷவுக்குப் பிரசாரம் செய்ய பம்பாயிலிருந்து சல்மான் கான் வந்து இறங்கினார். ஜனவரி 8 ஆம் திகதி தேர்தல். அடுத்த தவணை தொடங்கியபோது எங்கள் பிள்ளைகள் கேட்டது யார் வென்றார் என்றல்ல, "சல்மான் கான் திரும்பப் போயிட்டாரா டீச்சர்?" என்றுதான்.

களனிக்காரருக்கு அதைவிடப் பெரிய கதை இருக்கிறது. ஜனாதிபதிப் பதவிக்கும் இந்த ஊருக்கும் பழைய தொடர்பு. ஜே.ஆர். ஜயவர்தன 1943 இடைத்தேர்தலில் அரசாங்க சபைக்குத் தெரிவானது களனியிலிருந்துதான். அவரே பிறகு நிறைவேற்று ஜனாதிபதி முறையைக் கொண்டுவந்தார். 1982 ஒக்டோபர் 20 இல் நடந்த முதலாவது ஜனாதிபதித் தேர்தலில் ஆறு பேர் நின்றார்கள், அவர் வென்றார். அதே களனியில், 2019 தேர்தல் நெருங்கிய நாட்களில், ஆற்றிலிருந்து ஒரு நாகம் புனிதப் பொருளோடு விகாரைப் பக்கம் வந்ததாகத் தொலைக்காட்சிச் செய்தி வந்தது. நாட்டுக்கு நல்ல அரசன் வரப்போகிறான் என்பதற்கு அது அடையாளமாம். மற்றவர்களின் நம்பிக்கையைப் பற்றி நான் பேசுவது அழகில்லை, அன்று வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். 2022 இல் எரிவாயு வரிசையில் சிலிண்டரோடு நின்றபோது முன் வீட்டுச் சிங்கள அக்காதான் சொன்னார்: "டீச்சர், அந்த நாகயாவும் இப்ப பெற்றோல் வரிசையில நிக்குதாம்." வரிசை முழுக்கச் சிரித்தது. இப்படி ஒரு காட்சியை எந்த இயக்குநர் எழுதுவார்?

இதுவரை சிரிப்பு. இனி நான் சொல்ல வந்த விஷயம்.

படத்தில் லிபி என்று ஒரு பெண் வருகிறாள். கெத்தி பேட்ஸ் நடித்திருக்கிறார். ஸ்டான்டன் தம்பதியின் பழைய தோழி. மனநோய் வந்து வைத்தியசாலையில் இருந்து மீண்டவள். சத்தமாகப் பேசுவாள், கெட்ட வார்த்தை தாராளம். எதிரிகள் ஸ்டான்டன் மேல் வீசும் சேற்றை முன்கூட்டியே தேடிப் பிடித்துத் துடைப்பதுதான் அவள் வேலை. பின்னால் பிக்கர் என்று ஒரு போட்டியாளர் வருகிறார். நல்ல மனிதர், மக்களுக்குப் பிடித்துப்போகிறது. அவரைப் பற்றித் தோண்டச் சொல்லி லிபியையும் ஹென்றியையும் அனுப்புகிறார்கள். தோண்டினால் கிடைக்கிறது. பழைய போதைப் பழக்கம், மறைத்து வைத்த ஒரு உறவு. எல்லாம் முடிந்துபோன காலத்தின் கதை, மனிதர் அதிலிருந்து திருந்தி எழுந்தவர்.

அந்தக் கோப்பை லிபி கொண்டுவந்து ஸ்டான்டனுக்கும் அவர் மனைவிக்கும் முன்னால் வைக்கிறாள். அது அவள் வைக்கும் பரீட்சை. இருபது வருடத்துக்கு முன், இளைஞர்களாக இருந்தபோது, இந்த மாதிரி அழுக்கு வேலையை முடிவுக்குக் கொண்டுவரத்தான் நாம் அரசியலுக்கு வந்திருக்கிறோம் என்று அவளுக்குச் சொன்னவர்கள் அவர்கள்தான். அந்தச் சொல்லை நம்பித்தான் அவள் வாழ்க்கையை ஓட்டியிருக்கிறாள். இப்போது இருவரும் கோப்பைப் படித்துவிட்டு, பத்திரிகைக்கு எப்படிக் கொடுப்பது என்று பேசத் தொடங்குகிறார்கள். லிபியின் முகத்தைப் பார்க்க வேண்டும். அன்றிரவே அவள் தன் உயிரை மாய்த்துக்கொள்கிறாள்.

மகள் படத்தை நிறுத்தினாள். "உம்மா, ஏன் அழறீங்க?" என்றாள். வெங்காயம் என்றேன். வெங்காயம் உரித்து முடிந்து ஒரு மணித்தியாலம் ஆகியிருந்தது.

எனக்கு 2019 ஞாபகம் வந்துவிட்டது.

அந்த வருடத்தை எப்படிச் சொல்ல? ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. என் பள்ளிக்காலத் தோழி ஒருத்தி கொட்டாஞ்சேனையில் இருக்கிறாள், கத்தோலிக்கத் தமிழ்ப் பெண். கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில் அன்று அவளுடைய சித்தி காயப்பட்டார். நான் கோல் எடுத்தபோது என்ன சொல்வது என்று தெரியாமல் அழுதேன், அவளும் அழுதாள். பிறகு வந்த மாதங்களில் நாங்கள் பஸ்ஸில் தலையைக் குனிந்துகொண்டு போனோம். முஸ்லிம் கடைகளில் சாப்பாட்டில் மருந்து கலக்கிறார்கள், பெண்களுக்குப் பிள்ளை இல்லாமல் ஆக்குகிறார்கள் என்று வதந்தி. இது முந்திய வருடம் அம்பாறையில் கொத்துரொட்டிக் கடையில் தொடங்கிய அதே பொய். குருணாகலில் ஒரு வைத்தியரின் பெயரில் அது இன்னும் பெரிதாகியது.

மே மாதம் ஒரு நாள் இரவு தோழி கோல் எடுத்தாள். "எனக்கு ஒரு மெசேஜ் வந்திருக்கு. உங்கட ஆக்கள் கடையில உடுப்புக்கு ஏதோ தடவி விக்கிறாங்களாம். அனுப்பினது எங்கட சொந்தத்துக்குள்ள ஒரு ஆள். நான் யாருக்கும் அனுப்பேல்ல. நீ சொல்லு, உண்மையா?" என்று கேட்டாள். நான் கோபப்பட்டிருக்கலாம். கோபம் வரவில்லை. சித்தி வைத்தியசாலையிலிருந்து வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அந்த நிலைமையிலும் அவள் என்னைக் கேட்டாள். பொய் என்றேன். "சரி" என்றாள். அந்த மெசேஜ் அவளோடு நின்றது.

இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நவம்பர் 16 தேர்தல். 35 வேட்பாளர்கள். எங்கள் வீட்டிலும் குடும்பத்திலும் ஒரே பயம். அந்த அணி வந்தால் நம் கதை முடிந்தது என்று வெள்ளவத்தையில் இருக்கும் நானா ஒவ்வொரு நாளும் கோல் எடுத்துச் சொல்வார். யாருக்கு வாக்களித்தேன் என்பது என் இரகசியம், ஊகிப்பது உங்களுக்குக் கஷ்டமில்லை.

தேர்தலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது வட்ஸ்அப்பில் ஒரு படமும் ஒரு ஒலிப்பதிவும் வந்தன. அந்த அணியின் மேடைகளில் நம்மைப் பற்றிப் பேசித் திரிந்த ஒரு அரசியல்வாதியின் குடும்பத்துப் பெண்ணைப் பற்றியது. அசிங்கமான விஷயம். இதற்கு மேல் சொல்ல மாட்டேன், சொன்னால் இன்னொரு தடவை பரப்பியது போலாகும். பார்த்தவுடன் எனக்கு வந்தது அருவருப்பு இல்லை. உண்மையைச் சொல்கிறேன், சந்தோஷம் வந்தது. படட்டும், அவர்களுக்கும் தெரியட்டும் என்று நினைத்தேன்.

குடும்பக் குழுவுக்கு அனுப்பினேன். என்னோடு படித்த பெண்களின் குழுவுக்கு அனுப்பினேன். பதினோராம் தரப் பெற்றோர் குழுவுக்கும் அனுப்பினேன். மூன்று தடவை விரலை வைத்தேன். யாரையும் கேட்கவில்லை. அப்போது என் கைப்பையில் தேர்தல் கடமைக் கடிதம் இருந்தது.

இரண்டு நாள் கழித்து ஒரு மாணவன் இடைவேளையில் வந்தான். கூச்ச சுபாவம் உள்ள பையன், வகுப்பில் கையுயர்த்தவே மாட்டான். பாடசாலைக்குப் போன் கொண்டுவர முடியாது என்பதால் குடியுரிமைக் கல்விக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டு வந்திருந்தான். அவனுடைய உம்மாவின் போனில் அந்தப் படத்தைப் பார்த்து, கூகுளில் போட்டுத் தேடியிருக்கிறான். அது வேறு நாட்டுப் பெண்ணின் படம், சில வருடம் முந்தியது. தளத்தின் பெயர், திகதி எல்லாம் அழகான கையெழுத்தில்.

"டீச்சர், அது நம்ம நாட்டுப் படமே இல்ல."

நான் என்ன செய்திருக்க வேண்டும்? கொப்பியை வாங்கி வகுப்புக்கு முன்னால் காட்டி, இதுதான் பிள்ளைகளே பாடம், இவனுக்குக் கைதட்டுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது இது: "அவங்க நமக்குச் செய்றதப் பார்க்கக்குள்ள இது என்ன பெரிய விஷயமா மகன்?"

அவன் என்னைப் பார்த்தான். "சரி டீச்சர்" என்றான். கொப்பியை மூடிக்கொண்டு போய்விட்டான்.

தேர்தல் நாள் எனக்குக் கம்பஹா மாவட்டத்தில் ஒரு நிலையத்தில் கடமை. விரலுக்கு மை பூசும் வேலை. காலையிலேயே செய்தி வந்துவிட்டது. புத்தளத்திலிருந்து மன்னாருக்கு வாக்களிக்கப் போன முஸ்லிம் மக்களின் பஸ்களுக்கு தந்திரிமலையில் துப்பாக்கிச் சூடு. கை நடுங்கியது. கிட்டத்தட்ட 26 அங்குல நீள வாக்குச்சீட்டு, வயதானவர்கள் அதை மடிக்கத் தெரியாமல் தடுமாறினார்கள். நாள் முழுக்க இடது கைச் சின்ன விரலைப் பிடிப்பதும் மை பூசுவதும்தான். நூற்றுக்கணக்கான விரல்கள். அநேகமாக எல்லாம் சிங்கள மக்களின் விரல்கள். ஒரு வயதான அம்மா என் முக்காட்டைப் பார்த்தார், கையை விடாமல், "பயவென்ன எபா துவே" என்றார். பயப்படாதே மகளே. மத்தியானம் கூட வேலை செய்த சிங்கள ஆசிரியை தன் சோற்றுப் பார்சலைப் பிரித்து, "டீச்சருக்கு எண்டு மீன் மட்டும் எடுத்து வந்தேன்" என்றார். அவர் எந்தப் பக்கம் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

முடிவு உங்களுக்குத் தெரியும். கோட்டாபய ராஜபக்ஷ 52.25 வீதம். அடுத்த வருடம் கொவிட் வந்தது, எங்கள் ஜனாஸாக்களை எரித்தார்கள். நாங்கள் பயந்தது வீண் பயம் இல்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், எனக்குச் சாட்டு இல்லாமல் இல்லை. நல்ல சாட்டு இருந்தது. ஸ்டான்டனுக்கும் நல்ல சாட்டு இருந்தது. நான் வந்தால் ஏழைகளுக்கு நல்லது செய்வேன், அதற்கு முதலில் வெல்ல வேண்டும் என்கிறார். படத்தில் அந்தக் கோப்பைத் தொடும் ஒவ்வொருவருக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. கையில் எடுத்தவர்களில் நியாயம் இல்லாதவர் ஒருவர்கூட இல்லை.

எனக்கு வந்த பொய்யை நிறுத்தியவள் கொட்டாஞ்சேனைத் தோழி. அவளுக்கு என்னை விடப் பெரிய காயம். அவள் கேட்டாள். நான் கேட்கவில்லை. இதற்கு மேல் இதில் விளக்க ஒன்றுமில்லை.

படத்தின் கடைசியில் ஸ்டான்டன் வென்றுவிடுகிறார். பதவியேற்பு விருந்து. வரிசையாக எல்லோருக்கும் கைகுலுக்கிக்கொண்டு வருகிறார். படம் தொடங்குவதே அவர் கைகுலுக்கும் விதத்தைப் பற்றிய பேச்சோடுதான், இடது கையை எங்கே வைப்பார், எப்போது முழங்கையைப் பிடிப்பார் என்று. கடைசியாக வரிசையில் நிற்பது ஹென்றி. விலகிப் போகிறேன் என்று சொன்னவன். அவனும் கை கொடுக்கிறான், ஜனாதிபதி அவர்களே என்கிறான். அவன் முகத்தில் சந்தோஷமா துக்கமா தெரியவில்லை.

மகள் கேட்டாள்: "நீங்க எண்டா கை குடுப்பீங்களா உம்மா?"

பதில் சொல்லவில்லை. அறைக்குப் போய் அந்தப் பையனின் இலக்கத்தைத் தேடி எடுத்தேன். இப்போது கட்டாரில் வேலை. அடுத்த நாள் எழுதினேன். 2019 இல் நீ ஒரு கொப்பி கொண்டுவந்தாயே, அன்று நான் சொன்னது பிழை, நீ செய்ததுதான் சரி, என்னை மன்னித்துக்கொள் என்று. இரவு பதில் வந்தது.

"அதெல்லாம் மறந்துட்டேன் டீச்சர். நீங்க எனக்கு நல்லது மட்டும்தான் செஞ்சீங்க. இப்ப நான் எந்த நியூசும் பார்க்கிறதில்ல. ஊருல ஈந்தாலும் வோட் போட மாட்டேன். எல்லாரும் ஒண்டுதானே."

இரண்டு மூன்று தடவை வாசித்தேன். கூகுளில் தேடி, திகதி எழுதி, டீச்சரிடமே வந்து பொய் என்று சொன்ன பிள்ளை. 'எல்லாரும் ஒண்டுதான்' என்பதை அவனுக்கு எந்த அரசியல்வாதியும் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்த 'எல்லாரும்' என்பதில் நானும் இருக்கிறேன்.

அரசியல் நையாண்டிப் படங்களைப் பற்றி எனக்கு இப்போது ஒரு பயம். நாம் சிரித்துவிட்டு எழும்போது இந்த வசனம்தான் வாயில் வருகிறது. எல்லாரும் ஒன்று என்றால் யாரும் எதையும் சரிபார்க்கத் தேவையில்லை, யாரும் வெட்கப்படவும் தேவையில்லை. லிபி அப்படி நினைத்திருந்தால் அந்த இரவு நிம்மதியாகத் தூங்கியிருப்பாள். எல்லாரும் ஒன்றில்லை என்று நம்பியதால்தான் அவளால் தாங்க முடியவில்லை.

அவனுக்குத் திரும்ப எழுதினேன்: "எல்லாரும் ஒண்டில்ல மகன். அன்றைக்கு நம்ம ரெண்டு பேரும் ஒண்டா ஈக்கல்லயே. நீ சரி, நான் பிழை." நீல நிறச் சரி அடையாளம் வந்தது. பதில் வரவில்லை. வேலையில் இருப்பான்.

2019 இல் அனுப்பிய அதே மூன்று குழுக்களில் இரண்டு இன்னும் உயிரோடு இருக்கின்றன. பெற்றோர் குழு எப்போதோ கலைந்துவிட்டது. மற்ற இரண்டிலும் ஒரு திருத்தம் போட்டேன். ஐந்து வருடத்துக்கு முன் நான் அனுப்பிய ஒரு படம் பொய், அனுப்பியது என் பிழை என்று. குடும்பக் குழுவில் நானா மட்டும், "எந்தப் படம்?" என்று கேட்டார். சாச்சி ஒரு கட்டைவிரல் போட்டார். அதற்குக் கீழே உடனே யாரோ இன்னொரு வேட்பாளரைப் பற்றி ஒரு வீடியோ போட்டார்கள்.

செப்டம்பர் 21 முடிந்தது. இம்முறை 38 பேர். யாருக்கும் பாதி வாக்கு இல்லாமல், நாட்டில் முதல் தடவையாக இரண்டாம் விருப்பு வாக்கும் எண்ணி, அநுர குமார திசாநாயக்க ஜனாதிபதியானார். நல்லவரா கெட்டவரா என்று காலம் சொல்லட்டும். அடுத்த தேர்தலும் வரும், வட்ஸ்அப்பும் இருக்கும், நமக்குப் பயமும் இருக்கும், நல்ல சாட்டும் இருக்கும்.

எங்கள் வகுப்பில் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். பிள்ளைகள் போனில் பார்த்த ஒரு செய்தியை வீட்டில் தேடிப் பார்த்து, கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டு வர வேண்டும். தளத்தின் பெயர், திகதி. போன வாரம் ஒரு பிள்ளை கொண்டுவந்த செய்தி எனக்கு மிகவும் பிடித்த ஒன்று, உண்மையாக இருக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்ட ஒன்று. பொய் என்று எழுதியிருந்தாள்.

கையெழுத்துப் போட்டு, சரி அடையாளம் இட்டுக் கொடுத்தேன்.